ஜெனரல் கட்டிய பள்ளி

(கல்வியியல் கல்லூரி ஒன்றில், படிப்பை முடித்து வெளியேறும் பயிற்சி ஆசிரியர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வி என்ற தலைப்பில் பேசுமாறு அழைத்திருந்தீர்கள். கல்வியைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் கேட்பவர் மனத்தில் எதுவும் தங்காது. அதனால் ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் பெயர் சாமுவேல் சாப்மன் ஆம்ஸ்ட்ராங். ஆம்ஸ்ட்ராங் என்றதும் நிலவில் கால் பதித்தவர் உங்கள் நினைவுக்கு வருவார். நான் சொல்பவர் அவருக்கு நூறாண்டுக்கு முந்தியவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர். 26 வயதில் பிரிகேடியர் ஜெனரல் என்ற மதிப்புப் பட்டத்தோடு ராணுவத்திலிருந்து வெளியே வந்தார். 29 வயதில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று அது ஹாம்ப்டன் பல்கலைக்கழகம்.

இவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. அவர் தொடங்கியது, உங்கள் கல்லூரியைப் போலவே, ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி. இன்னொரு காரணமும் உண்டு. அவரிடம் நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது, தவிர்க்க வேண்டியதும் இருக்கிறது. ஒரு பெரிய மனிதரின் புகழை மட்டும் பாடிவிட்டு இறங்குவதற்காக நான் இந்த மேடைக்கு வரவில்லை.

அந்தக் கடற்கரை

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வர்ஜீனியா மாநிலம். அங்கே செசபீக் விரிகுடாவின் வாயிலில் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற நிலமுனை. 1619இல் ஆப்பிரிக்கர்களை ஏற்றிவந்த கப்பல் அங்கேதான் கரையை ஒட்டி நின்றது. ஆங்கிலேயர் குடியேறிய வட அமெரிக்காவில் அடிமைகளாக இறக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்கர்கள் அவர்கள். பிற்காலத்தில் அதே முனையில் மன்றோ கோட்டை எழுந்தது.

1861ஆம் ஆண்டு மே மாதம் ஓர் இரவு. உள்நாட்டுப் போர் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகேறி, வடமாநிலப் படையின் கையில் இருந்த அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். பிரிந்துபோன தென்மாநிலங்களின் படைக்கு அரண் கட்டும் வேலையில் அவர்களைப் போட்டிருந்தார்கள். மறுநாள் அவர்களுடைய உடைமையாளரின் ஆள் வந்து, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரச் சட்டம் இருக்கிறது, தாருங்கள் என்று கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் ஒரு வழக்கறிஞர். நீங்கள்தான் எங்கள் நாட்டிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்துவிட்டீர்களே, அப்புறம் எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று வாதிட்டார். எதிரியின் போருக்குப் பயன்படும் பொருளைக் கைப்பற்றலாம் என்ற விதியைச் சொல்லி மூவரையும் வைத்துக்கொண்டார். மனிதரைப் பொருள் என்று சொன்ன சட்டத்தை வைத்தே அவர்களுக்கு வழி திறந்தார். செய்தி பரவியது. நூற்றுக்கணக்கில் வந்தார்கள், பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

வந்தவர்கள் சோறும் துணியும் கேட்டார்கள். கூடவே எழுத்தும் கேட்டார்கள். கறுப்பின மக்கள் எழுதப் படிக்கக் கற்க ஒன்றுகூடுவதை 1831இல் வர்ஜீனியா சட்டம் குற்றமாக்கியிருந்தது. மேரி பீக் என்ற கறுப்பினப் பெண்மணி, சட்டம் தடுத்த காலத்திலேயே மறைவாகச் சொல்லிக்கொடுத்தவர். 1861 செப்டம்பரில் அவர் வெளிப்படையாக வகுப்பைத் தொடங்கினார். பக்கத்து ஊரான ஹாம்ப்டனில் ஓர் ஓக் மரத்தடியில் அவர் பாடம் சொன்னதாக அந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது. காசநோய் அவரை அடுத்த பிப்ரவரியில் கொண்டுபோய்விட்டது. அடிமை விடுதலைப் பிரகடனம் 1863இல் அந்த மரத்தின் கீழ்தான் அந்த மக்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நூறடி அகலத்துக்குக் கிளை பரப்பி, அந்த மரம் இன்றும் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆம்ஸ்ட்ராங் அங்கே வந்து சேருவதற்கு ஐந்தாண்டு முன்பே அந்த மண்ணில் கல்வி தொடங்கிவிட்டது. படிக்க வேண்டும் என்ற தாகத்தை எந்த ஜெனரலும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அது அவர்களுடையது.

தீவிலிருந்து போர்க்களத்துக்கு

ஆம்ஸ்ட்ராங் பிறந்தது 1839 ஜனவரி 30, ஹவாயின் மவுயி தீவில். பெற்றோர் அமெரிக்காவிலிருந்து போன கிறிஸ்தவ ஊழியர்கள். ஹவாய் அன்று தனி அரசு. தந்தை ரிச்சர்ட் ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் அந்த அரசின் கல்வி அமைச்சரானார். தந்தையோடு பள்ளிகளைப் பார்த்து வளர்ந்த பையனின் மனத்தில் ஹீலோ என்ற ஊரின் விடுதிப் பள்ளி ஆழமாகப் பதிந்தது. ஹவாயிப் பையன்கள் அங்கே தங்கி, உடலுழைப்பால் தங்கள் செலவை ஈடுகட்டிப் படித்தார்கள். அந்தப் பள்ளியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

1860இல் தந்தை குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அதே ஆண்டு மகன் கடல் கடந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே முதல்வராக இருந்தவர் மார்க் ஹாப்கின்ஸ், அந்தக் காலத்தின் புகழ்பெற்ற ஆசிரியர். அவர் வீட்டிலேயே தங்கிப் படிக்கும் வாய்ப்பு ஆம்ஸ்ட்ராங்குக்குக் கிடைத்தது. 1862இல் பட்டம் வாங்கிய கையோடு நியூயார்க் 125ஆம் காலாட்படைக்கு ஆள் திரட்டி, அதிலேயே கேப்டன் ஆனார்.

போருக்குப் போன சில வாரங்களிலேயே தோல்வி. 1862 செப்டம்பர் 15 அன்று ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற இடத்தில் 12,000க்கும் மேற்பட்ட வடமாநிலப் படையினர் எதிரியிடம் சரணடைந்தார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் படையும் அதில் ஒன்று. போர்க்கைதிகள் பரிமாற்றத்தில் அவர்கள் விடுதலையானாலும் கோழைகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மறு ஆண்டு ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க் களத்தில், தென்மாநிலத் தளபதி பிக்கெட்டின் தாக்குதலை எதிர்த்து நின்று அந்தப் பெயரைத் துடைத்தார்கள். கெட்ட பெயரோடு வாழ்வது எப்படி இருக்கும், ஒரு வாய்ப்புக் கிடைத்தால் மனிதர் எப்படி நிமிர்வார் என்பதை அந்தப் பத்து மாதம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1863 இறுதியில் அவர் ஒரு முடிவெடுத்தார். கறுப்பின வீரர்களைக் கொண்ட 9ஆம் படைப்பிரிவுக்கு லெப்டினன்ட் கர்னலாகப் போனார். அவரை அதுவரை அடிமை ஒழிப்புப் போராளி என்று சொல்ல முடியாது. அந்த மக்களை நேசிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்ற பொருளில் ஓராண்டுக்கு முன் நண்பருக்குக் கடிதம் எழுதியவர்தான். அவரை மாற்றியது புத்தகமும் பிரசங்கமும் அல்ல, கூட நின்ற வீரர்கள். மேரிலாந்து முகாமில் அவர்களுக்குப் போர்ப் பயிற்சி கொடுத்தபோதே அங்கே ஒரு பள்ளியையும் ஏற்படுத்தினார். பகலில் அணிவகுத்த கைகள் அங்கே எழுத்துக்கூட்டின.

அந்த வீரர்களின் நிலையைச் சொல்ல வேண்டும். வெள்ளையின வீரருக்கு மாதச் சம்பளம் 13 டாலர். கறுப்பின வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் அதைச் சமமாக்கியது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின மக்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். குண்டுமழையில் அவர்கள் நின்ற நிலையை ஆம்ஸ்ட்ராங் அருகிலிருந்து பார்த்தார். பின்னர் 8ஆம் பிரிவின் கர்னல் ஆனார். இவர்களால் முடியுமா என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, அவருக்குக் களத்திலேயே விடை கிடைத்துவிட்டது.

பதினைந்து பேரோடு ஒரு பள்ளி

போர் முடியும் தறுவாயில், விடுதலை பெற்ற மக்களுக்கு உதவ ஃபிரீட்மென்ஸ் பீரோ என்ற அரசுத் துறை அமைந்தது. அதன் தலைவர் ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட், போரில் வலக்கையை இழந்தவர். வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அதன் தலைவராகவும் அவர் இருந்தார். போரிலிருந்து கல்விக்கு வந்த தலைமுறை அது.

1866இல் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்கை ஹாம்ப்டனுக்கு அனுப்பினார். வர்ஜீனியாவின் பத்து மாவட்டங்கள் அவர் பொறுப்பில் வந்தன. ஊரைப் போரின்போது தென்மாநிலப் படை எரித்துவிட்டுப் போயிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடிசைகளில் கிடந்தன. நிலம் பழைய முதலாளிகளுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ரேஷன் கொடுப்பது, கூலி ஒப்பந்தம் எழுதுவது, தகராறு தீர்ப்பது என்று இரண்டு ஆண்டு ஓடியது. அப்போது அவர் கண்ட உண்மை ஒன்று: வடக்கிலிருந்து வரும் ஆசிரியர்களை நம்பி இத்தனை லட்சம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முடியாது, அந்த மக்களிலிருந்தே ஆசிரியர்கள் எழ வேண்டும்.

அமெரிக்க மிஷனரி சங்கம் ஆற்றங்கரையில் ஒரு பண்ணையை வாங்கியது. 1868 ஏப்ரலில் ஹாம்ப்டன் ஆசிரியர் பயிற்சி மற்றும் வேளாண்மைப் பள்ளி 15 மாணவர்களோடு தொடங்கியது. தலை, இதயம், கை மூன்றுக்கும் கல்வி என்பது அதன் கொள்கை. கையில் காசில்லாதவர் உழைத்துச் செலவை ஈடுகட்டலாம். வயல், பட்டறை, அச்சகம், சமையலறை, சலவைக்கூடம் எல்லாம் பள்ளியின் பகுதி. இரவுப் பள்ளியில் சேர்ந்தவர்கள் பகலில் பத்து மணி நேரம் வேலை செய்து, இரவில் இரண்டு மணி நேரம் படித்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே பள்ளியில் படித்தார்கள். ராணுவத்தின் நடைமுறைகளும் உள்ளே வந்தன: அணிவகுப்பு, நேரக் கட்டுப்பாடு, உடையும் அறையும் சுத்தமா என்ற சோதனை.

1872இல் 16 வயதுப் பையன் ஒருவன் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தான். அடிமையாகப் பிறந்து, உப்பு உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்தவன். ஏறத்தாழ 500 மைல் தொலைவு; ஒரு பகுதி வண்டியில், ஒரு பகுதி நடையில். வழியில் ரிச்மண்ட் நகரில் பணம் தீர்ந்துபோய், மரப்பலகை நடைபாதையின் அடியில் படுத்து இரவுகளைக் கழித்தான். பகலில் கப்பலிலிருந்து சுமை இறக்கினான். பள்ளி வாசலை மிதித்தபோது கையில் இருந்தது 50 சென்ட். தலைமை ஆசிரியை மேரி மேக்கி அவனைச் சேர்க்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. சில மணி நேரம் காக்க வைத்துவிட்டு, பக்கத்து வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார். அவன் மூன்று முறை பெருக்கினான். நான்கு முறை துணியால் துடைத்தான். அவர் வந்து கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தடவிப் பார்த்தார். தூசு இல்லை. சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன்தான் புக்கர் டி. வாஷிங்டன். தான் எழுதிய தேர்வுகளிலேயே நன்றாகத் தேறியது இதில்தான் என்று பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதினார். படுக்கைக்கு இரண்டு விரிப்பு எதற்கென்று தெரியாமல், முதல் இரவு இரண்டுக்கும் அடியில் படுத்ததையும், மறுநாள் இரண்டுக்கும் மேலே படுத்ததையும் அவரே சொல்கிறார்.

மாணவர்கள் பெருகினார்கள், இடம் போதவில்லை. பழைய மாணவர்களில் சிலர் குளிர்காலம் முழுவதும் கூடாரத்தில் தங்க முன்வந்தால் புதியவர்களைச் சேர்க்கலாம் என்றார் ஜெனரல். ஏறக்குறைய எல்லோரும் முன்வந்தார்கள். காற்று சில இரவுகளில் கூடாரத்தையே பெயர்த்துக்கொண்டு போகும். விடியற்காலையில் ஜெனரல் வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போவார். அந்தக் கூடாரத்தில் வாஷிங்டனும் இருந்தார். பின்வருபவனுக்கு இடம் வேண்டுமென்று முன்வந்தவன் குளிரில் படுத்த பள்ளி அது.

கட்டடத்துக்கும் மாணவர்களே வழி கண்டார்கள். பாடகர் குழு ஒன்று புறப்பட்டு, அடிமைக் காலத்துப் பாட்டுகளை வட மாநில ஊர்களில் பாடிப் பணம் சேர்த்தது. அந்தப் பணமும் சேர்ந்து எழுந்ததுதான் 1874இல் திறந்த வர்ஜீனியா ஹால்.

ஒரு சிபாரிசுக் கடிதம்

1881இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்ற ஊரிலிருந்து ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு கடிதம் வந்தது. கறுப்பின ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று தொடங்குகிறோம், தலைமை ஏற்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பொறுப்புக்கு வெள்ளையர் ஒருவர்தான் வருவார் என்பது அவர்கள் எண்ணம். ஆம்ஸ்ட்ராங் 25 வயதான வாஷிங்டனின் பெயரை எழுதினார். டஸ்கீகி ஏற்றுக்கொண்டது.

ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கையில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்தக் கடிதத்தைத்தான். மாணவனுக்குப் பாடம் சொல்வது எளிது. தன் இடத்துக்குச் சமமான இடத்தில் மாணவனை உட்கார வைக்க மனம் வேண்டும். களத்தில் நிற்கும் தளபதி ஒரு மனிதனின் தகுதியை அறிந்தால் உடனே பொறுப்பை ஒப்படைப்பான். அந்தப் பழக்கத்தை ஆம்ஸ்ட்ராங் பள்ளிக்குள் கொண்டுவந்தார்.

அந்தக் கடிதத்தின் அலை எங்கெங்கோ போனது. தென்னாப்பிரிக்காவின் ஜான் டூபே டஸ்கீகியால் ஊக்கம் பெற்று, டர்பனுக்கு அருகே ஒலாங்கே என்ற பள்ளியைத் தொடங்கினார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசாகப் பின்னர் வளர்ந்த அமைப்பின் முதல் தலைவர் அவரே. அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில்தான் 1904இல் காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பு அமைந்தது. தமிழ்ப் பக்கங்களோடு 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே வாஷிங்டனின் வாழ்க்கையைப் பற்றிக் காந்தி எழுதினார். நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்களின் பத்திரிகை அது. ஹாம்ப்டன் வகுப்பறையைப் பெருக்கிய பையனின் கதை, பெயர்கள் மட்டும் மாறி, அவர்களுடைய கதையாகவும் இருந்தது.

குறையும் அதே இடத்தில்

இனி மறுபக்கம். ஹீலோ பள்ளியை நினைவில் வைக்கச் சொன்னேன். ஹவாயில் லாஹைனாலூனா என்ற இன்னொரு பள்ளியும் உண்டு. அங்கே உயர்ந்த பாடங்கள் உண்டு. அந்தப் பள்ளி கூர்மையான அறிவாளிகளை உருவாக்கியது. ஹீலோ, படிப்பில் குறைந்தாலும் உறுதியான மனிதர்களை உருவாக்கியது என்று ஆம்ஸ்ட்ராங் ஒப்பிட்டு எழுதினார். அந்த முடிவோடுதான் ஹாம்ப்டனுக்கு வந்தார். கறுப்பின மக்களுக்கும் ஹவாயி மக்களுக்கும் முதல் தேவை உழைப்பும் ஒழுக்கமும். உயர்கல்வி பிறகு, அரசியல் அதற்கும் பிறகு என்பது அவர் எண்ணம். அந்த மக்கள் அரசியலை விட்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்று பள்ளியின் பத்திரிகையிலேயே எழுதினார். வாக்குரிமை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில் சொல்லப்பட்ட அறிவுரை இது. இன்று படிக்கும்போது வலிக்கிறது.

1878இல் ஃபுளோரிடாவின் மேரியன் கோட்டையில் கைதிகளாக இருந்த அமெரிக்கப் பழங்குடியினரில் 17 பேரை ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி ஹாம்ப்டனுக்குக் கொண்டுவந்தார். தொடர்ந்து பழங்குடிப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய முடியை வெட்டினார்கள், உடையை மாற்றினார்கள், தாய்மொழியை ஒதுக்கி ஆங்கிலம் பேச வைத்தார்கள். மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்று படம் எடுத்து நன்கொடையாளருக்குக் காட்டினார்கள். தாய்மொழியை நாவிலிருந்து பிடுங்கிவிட்டுச் சொல்லிக்கொடுப்பதைக் கல்வி என்று ஏற்க என்னால் முடியாது. நீங்களும் ஏற்கமாட்டீர்கள். நோய் கண்டு அங்கேயே இறந்த அந்தப் பிள்ளைகளின் கல்லறைகள் பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருக்கின்றன.

டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அறிஞர். 1906இல் அவர் ஹாம்ப்டனுக்கே வந்து, அங்கிருந்த ஆசிரியர்கள் முன்னிலையில் இந்தக் கல்விக் கொள்கையைக் கண்டித்துப் பேசினார். பிழைப்புக்குத் தொழில் வேண்டும், ஆனால் மனிதனாக முழுமை பெற உயர்கல்வி வேண்டும் என்பது அவர் வாதம். ஹாம்ப்டன் முழுப் பட்டங்களை வழங்கத் தொடங்க 1920கள் வரை காக்க வேண்டியிருந்தது. 1927இல் மாணவர்களே வேலைநிறுத்தம் செய்து, மேலான கல்வியையும் மரியாதையையும் கேட்டார்கள்.

நண்பர்களே, ஆம்ஸ்ட்ராங்கின் நிறையும் குறையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அவர் படைத்தலைவர். கொடுத்த பணியை இந்த வீரன் முடிப்பான் என்று நம்பத் தெரிந்தவர். அந்த நம்பிக்கை மாணவர்களை நிமிர வைத்தது. ஆனால் படையில் பணி என்ன என்பதைத் தலைவன்தான் தீர்மானிப்பான், வீரனைக் கேட்பதில்லை. அந்தப் பழக்கமும் கூடவே பள்ளிக்குள் வந்துவிட்டது. இவன் செய்து முடிப்பான் என்று நம்பினார். எதைச் செய்ய வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையும் அவனே தீர்மானிப்பான் என்று நம்பவில்லை. கதவைத் திறந்துவைத்தார், கூரையைத் தாழ்வாகப் போட்டார்.

கூரையைத் தாண்டியவர்கள்

ஆனால் எழுத்து ஒருவர் கைக்குப் போய்விட்டால், கொடுத்தவர் போட்ட எல்லைக்குள் அது நிற்பதில்லை. மூன்று பேரைச் சொல்கிறேன்.

ஒமாஹா பழங்குடியைச் சேர்ந்த சூசன் லா ஃபிளெஷ் 1886இல் ஹாம்ப்டனில் படிப்பை முடித்தார். அங்கிருந்து பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1889இல் வகுப்பின் முதல் மாணவியாக வெளியே வந்தார். மருத்துவப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பழங்குடிப் பெண் அவர். தன் மக்களிடம் திரும்பிப் போய், நெப்ராஸ்காவின் பனியில் குதிரையிலும் வண்டியிலும் வீடு வீடாகச் சென்று மருத்துவம் பார்த்தார். 1913இல் அந்த மண்ணிலேயே ஒரு மருத்துவமனையை எழுப்பினார்.

ராபர்ட் அபாட் ஹாம்ப்டனில் அச்சுத் தொழில் கற்றார். எழுத்துக் கோக்கும் தொழிலாளியாகப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று கற்றுத்தந்த தொழில். அவர் 1905இல் ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற செய்தித்தாளைத் தொடங்கினார். தெற்கில் நடந்த கொலைகளையும் கொடுமைகளையும் அந்தத் தாள் நாடறியச் செய்தது. வடக்கே வாருங்கள் என்று லட்சக்கணக்கான கறுப்பின மக்களுக்குத் தைரியம் சொன்னது. அரசியல் வேண்டாம் என்ற பள்ளியில் கற்ற அச்சுக்கலையே அவர்களுடைய அரசியல் குரலாயிற்று.

மூன்றாமவர் மேரி ஜாக்சன். 1942இல் ஹாம்ப்டனில் கணிதமும் பௌதிக அறிவியலும் படித்துப் பட்டம் பெற்றவர். அதே ஊரில் இருக்கும் லாங்லி வானூர்தி ஆய்வகத்தில் கணக்கிடும் வேலைக்குச் சேர்ந்தார். பொறியாளராக வேண்டுமானால் மேற்பாடங்கள் படிக்க வேண்டும். அந்த வகுப்புகளோ வெள்ளையர் பள்ளியில் நடந்தன. நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்டு வாங்கி, அங்கே போய்ப் படித்து, 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். வாஷிங்டன் நகரில் நாசாவின் தலைமையகக் கட்டடம் இன்று மேரி ஜாக்சன் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1619இல் அந்தக் கப்பல் வந்து நின்ற கரையிலிருந்து அவர் வேலை பார்த்த ஆய்வகம் சில மைல் தூரம்தான்.

கல்லறை

1891இல் ஆம்ஸ்ட்ராங்கைப் பக்கவாதம் தாக்கியது. உடம்பும் குரலும் பெரும்பகுதி போன நிலையில், தன் கடைசி ஆறு மாதங்களில் இரண்டு மாதங்களை டஸ்கீகியில் வாஷிங்டன் வீட்டில் கழித்தார். அடிமையாகப் பிறந்தவர் கட்டியெழுப்பிய பள்ளியில், அவருடைய விருந்தாளியாக, அவர் கவனிப்பில் இருந்தார். 1893 மே 11 அன்று ஹாம்ப்டனில் காலமானார். வயது 54.

அவர் எழுதி வைத்த குறிப்பு ஒன்று இறந்த பிறகு கிடைத்தது. பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில், மாணவர்களுக்கு நடுவே, அடுத்து ஒரு மாணவர் இறந்திருந்தால் அவரை எங்கே வைத்திருப்பார்களோ அந்த வரிசையில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நினைவுச் சின்னம் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அப்படியே செய்தார்கள். கல்லறையின் ஒரு முனையில் ஹவாயின் எரிமலைக் கல். மறு முனையில் அவர் படித்த கல்லூரியின் மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்த கல். சுற்றிலும் மாணவர்கள்.

அவர் மீது நான் சொன்ன குற்றங்கள் எதையும் அந்தக் கல்லறை கழுவிவிடாது. ஆனால் தன் மாணவர்களின் வரிசையில் ஒரு மாணவனாகப் படுக்க விரும்பிய மனிதர் அவர் என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

இளம் ஆசிரியர்களே, நீங்கள் போகும் பள்ளியில் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை இருக்கும். வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் தொட்ட பிள்ளையாக இருக்கும். அதற்கு வேலை கொடுங்கள், பொறுப்புக் கொடுங்கள், முடிப்பாய் என்று நம்புங்கள். இதை ஆம்ஸ்ட்ராங்கிடம் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் வந்து, இன்னதைப் படிக்கப்போகிறேன் என்று சொல்லும் நாள் ஒன்று வரும். உனக்கு இது போதும் என்ற சொல் அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.